பிழை சொல்ல ஓர் ஆள்

பாரூரிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய், ஷிப்ட் முடிந்த நேரத்தில் எண் கணிதத்தில் மூழ்கிக் கிடக்கும் தம்பிக்கு,

டிப்ளமோவோடு படிப்பு நின்றுவிட்டது, பல்கலைக்கழக வாசலை மிதிக்கவில்லை, இனி யோசித்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் உங்களைப் போன்றவர்களை முதலில் அரிக்கும் கவலை. கவலைப்பட வேண்டிய இடம் அது இல்லை என்று நினைக்கிறேன். கல்விக்கூடத்துக்கு வெளியே இருப்பவருக்குப் பெரிய குறை பட்டம் இல்லாதது அல்ல. எழுதியதைப் படித்துப் பார்த்து, ‘இந்த மூன்றாவது வரி நிற்காது’ என்று சொல்ல ஆள் இல்லாததுதான். கடைசல் மெஷினில் கடைந்த பீஸை, கடைந்தவரே பாஸ் செய்துகொள்ள உங்கள் கம்பெனி விடுவதில்லை. எவ்வளவு கைதேர்ந்த ஆபரேட்டர் என்றாலும் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போயே ஆக வேண்டும். சிந்தனைக்கும் அந்த விதி பொருந்தும்.

‘ராமானுஜனுக்கு யார் இருந்தார்கள்?’ என்று கேட்பீர்கள். எஃப்.ஏ. தேர்வில் தோற்ற இளைஞர், துறைமுகக் குமாஸ்தா, பிறகு கேம்பிரிட்ஜ் என்று அவர் கதையை மூன்றே தாவலில் சொல்லிப் பழகிவிட்டோம். நடுவில் நின்றவர்கள் விடுபட்டுப் போனார்கள். 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் டெபுடி கலெக்டர். வேலை தேடி அலைந்த ராமானுஜன் தன் நோட்டுகளோடு போய் நின்றது அவரிடம்தான். சங்கத்தின் இதழில் 1911இல் பெர்னூலி எண்களைப் பற்றிய ராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் உங்கள் ஓசூருக்கு அடுத்த ஊரான பெங்களூரின் சென்ட்ரல் காலேஜில் இருந்தவர். பிறருக்கு விளங்கும்படி எழுதச் சொல்லி அந்தக் கட்டுரையை ஒரு தடவைக்கு மேல் திருப்பி அனுப்பினார். 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சென்னைத் துறைமுகத்தில் சேர்ந்தபோது, மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் அதே சங்கத்தின் பொருளாளர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஆக, ராமானுஜன் கல்லூரிக்கு வெளியே இருந்தார், தனியாக இருக்கவில்லை.

மேதைக்கு எதற்குத் திருத்தம் என்பது அடுத்த கேள்வி. அதற்கும் அவரே சாட்சி. 1912 கடைசியில் லண்டனிலிருந்து பேராசிரியர் ஹில், விரிதொடர்களைக் கையாளும் விதத்தில் ராமானுஜன் சறுக்குகிறார் என்று சுட்டிக்காட்டி, படிக்க ஒரு நூலையும் சொல்லி எழுதினார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குப் போன கடிதத்தில் உலகம் இன்றும் வியக்கும் சூத்திரங்கள் இருந்தன. அவற்றோடு, பகா எண்களின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பிசகில்லாமல் தரும் என்று அவர் நம்பிய ஒரு சூத்திரமும் இருந்தது. அது தவறு. ஐரோப்பாவில் முன்பே கண்டறிந்து முடித்தவற்றையும் அவர் தன் பாட்டில் மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சரியான நூலும் பிழை சொல்லும் ஆளும் தாமதமாக வந்ததன் விலை அது. அவருக்கே அந்த விலை என்றால் நமக்கு எவ்வளவு!

சரி, கேம்பிரிட்ஜ் போகாமலே கணிதத்தோடு வாழ்ந்தவர் உண்டா? நாசிக்குக்கு அருகே தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேகர் அப்படிப்பட்டவர். பி.எஸ்சி.க்கு மேல் படிக்கவில்லை. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 3524 என்று வைப்போம். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழியுங்கள். 5432இல் 2345 போனால் 3087. அடுத்து 8730இல் 0378 போனால் 8352. அதற்கடுத்து 8532இல் 2358 போனால் 6174. மேலும் கழித்தாலும் 6174தான் வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து சேரும். இதை அவர் உலகுக்கு அறிவித்தது 1949இல், சென்னையில் நடந்த கணித மாநாட்டில். வெறும் விளையாட்டு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1975இல் கணிதப் புதிர்களை எழுதிவந்த மார்ட்டின் கார்ட்னர் தன் இதழ்ப் பத்தியில் கப்ரேகரைப் பற்றி எழுதிய பிறகே அவர் பெயர் உலகெங்கும் பரவியது. அப்போது கப்ரேகருக்கு எழுபது வயது. இடைப்பட்ட காலத்தில் அவர் மாநாடுகளுக்குப் போவதையும், சிறு நூல்கள் அச்சிட்டு அனுப்புவதையும் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் காலம் வேறு என்றால் 2023இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பைப் பாருங்கள். இங்கிலாந்தில் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற டேவிட் ஸ்மித், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் கோலமாக ஒருபோதும் அமையாமல் தளம் முழுவதையும் நிரப்பும் பதின்மூன்று பக்க ஓட்டு வடிவம் ஒன்றைக் கண்டார். அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்துச் சந்தேகம் வந்ததும், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிரேக் கப்லானுக்கு எழுதினார். மேலும் இருவர் சேர்ந்தார்கள், நிரூபணம் பிறந்தது. கண்டவர் வெளியே இருந்தவர், நிறுவியது நால்வருமாக.

நைட் ஷிப்டும் ஓவர்டைமும் போக உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்பீர்கள். நியாயமான கேள்வி, களைப்பைப் பேச்சால் போக்க முடியாது. ஆனால் நேரம் குறைந்தவருக்குத்தான் திருத்துபவர் இன்னும் அவசியம். தவறான வழியில் மூன்று வருடம் நடக்க உங்களுக்குக் கட்டுப்படியாகாது. யாராவது திருடிக்கொள்வார்கள் என்ற பயம் இன்னொன்று. தேதியோடு பொதுவில் பதிந்ததைத் திருடுவது கடினம்; பெட்டிக்குள் பூட்டியதை இன்னொருவர் நேர்மையாகவே கண்டுபிடித்துவிடலாம். முழு எண் தொடர்களுக்கான இணையக் கலைக்களஞ்சியத்துக்கு யாரும் ஒரு தொடரை அனுப்பலாம். பட்டம் கேட்பதில்லை, சரிபார்க்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அனுப்பியவர் பெயர் பதிவில் நிற்கும்.

ஆகவே வேலையை விடாதீர்கள். ராமானுஜனுக்கு 30 ரூபாயும் கப்ரேகருக்கு ஆசிரியர் சம்பளமும் தேவைப்பட்டன. பெரிய புதிரை முடித்துவிட்டேன் என்று யாருக்கும் எழுதாதீர்கள். அப்படிப்பட்ட கடிதங்களைப் பேராசிரியர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சின்னதாக, சரிபார்க்கக்கூடியதாக ஒரே ஒரு முடிவை எடுத்து, ஒரு படியும் விடாமல் இரண்டு பக்கத்தில் எழுதி, பெங்களூரிலோ சென்னையிலோ அந்தத் துறையில் உழைக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு. கேம்பிரிட்ஜில் இரண்டு பேர் கைவிரித்த பிறகுதான் ஹார்டி கிடைத்தார். பிழை என்று பதில் வந்தால், மனம் சுருங்காமல் திருத்தி மறுபடி அனுப்புங்கள். திறமை பிறப்பில் வந்திருக்கலாம். அந்த இரண்டாவது கடிதத்தை எழுதும் குணத்தை நீங்களாகத்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகன்