கலிபோர்னிய பங்களா: ஓர் எளிய மனையின் சிறப்பு

பங்களா என்றவுடன் நம்மனோர் மனக்கண்முன் தோன்றுவது யாது? சுற்றுமதிலும் பூந்தோட்டமும் வாயிற்காவலனும் உடைய செல்வர் மாளிகையன்றோ? ஆயின் அச்சொல் பிறந்த இடம் ஒரு குடிசை. வங்கநாட்டார் வேய்ந்து வாழ்ந்த தாழ்ந்த கூரைவீடே 'பங்களா', அஃதாவது வங்கத்திற்குரியது, எனப் பெயர்பெற்றது. ஆங்கிலேயர் அதனைத் தம் வசதிக்கேற்ப விரித்துத் தாழ்வாரம் சூழக் கட்டிக்கொண்டதோடு, பெயரையும் தம் மொழியிற் சேர்த்துக்கொண்டனர். குடியானவன் மனையிற் பிறந்து அதிகாரியின் மனையில் வளர்ந்த அச்சொல், கடல்கடந்து கலிபோர்னியாவை அடைந்தபோது மீண்டும் எளிய குடும்பத்தாரின் வீட்டிற்கே பெயராயிற்று. சொல்லாராய்ச்சி இம்மட்டில் நிற்க, வீட்டினுட் புகுவோம்.

கலிபோர்னியாவில் பாசடீனா நகரில், சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1908இல் அமைத்த காம்பிள் இல்லம் இவ்வகை மரவேலையின் உச்சம் எனத்தகும். அது செல்வர் மனை. அதே காலத்தில் அதன் சாயலைச் சிறுவீடுகளிற் கொணர்ந்தவர் சாதாரணக் கட்டடக்காரரே. சியர்ஸ் என்னும் வாணிகக் கழகத்தார் 1908 முதல் விலைப்பட்டியல் வாயிலாக வீட்டையே விற்கத் தொடங்கினர் எனின், அதன் எளிமையை வேறு விளக்கவும் வேண்டுமோ?

முதல் உலகப்போருக்குப் பின் இவ்வீடு ஆஸ்திரேலியாவில் வேரூன்றியது. போரினின்றும் மீண்ட வீரர்க்கு வீடு வேண்டியிருந்தது. அவர்க்குக் கடனுதவி அளித்தற்கெனவே 1918இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. கலிபோர்னியாவின் வெயிலும் மென்குளிரும் சிட்னி நகரத்தார்க்குப் புதியன அல்ல. ஆதலின், வீட்டின் அமைப்பிற்கு இங்கிலாந்தையே நோக்கியிருந்த மக்கள் இப்பொழுது பசிபிக் கடலின் மறுகரையை நோக்கினர். இத்திசைமாற்றம் வரலாற்றில் சிறிய செய்தி அன்று. அது நூல்களிற் காண்பதினும் தெளிவாகக் கூரைகளிற் காணப்படும்.

அக்கூரையையே காண்க. சரிவு மிகுதியின்றித் தாழ்ந்து, முக்கோண முகப்புத் தெருவை நோக்க, இறவாரம் அகன்று நீண்டு சுவருக்கு நிழல் தருகின்றது. கைமரங்களின் முனைகளை மறைத்தாரிலர். தாங்குவது இன்னதெனக் காண்பார்க்குத் தெரிய வேண்டும் என்பதே கட்டியவர் கொள்கை. முன்தாழ்வாரத்தைத் தாங்குவன, அடி பருத்து நுனி சிறுத்த குட்டையான தூண்கள். இவ்வளவு சிறிய வீட்டிற்கு இத்துணைப் பருத்த தூண் எற்றுக்கு என யானும் முதலில் நகைத்ததுண்டு. வீடு நிலத்தினின்றும் முளைத்ததுபோற் காணப்பட அவை வேண்டும் என்பது பின்னரே விளங்கிற்று. கலிபோர்னியாவில் மரத்தாலாய சுவர்கள் சிட்னியிற் பெரும்பாலும் செங்கல்லாயின. உள்ளே கருமைதோய்ந்த மரப்பலகைகள், சுவரோடு இணைந்த இருக்கைகள், ஈயக்கம்பியாற் பிணைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். பணியாட்கள் இன்றியே ஒரு குடும்பம் நடத்தத்தக்க நெருங்கிய அறைகள். வீட்டின் ஒருபுறத்தே மோட்டார் வண்டிக்கு விட்ட வழி அக்காலத்துப் புதுமையைக் காட்டும்.

இனி, இதற்கு மரபுச் சிறப்பு உண்டோ என்பது வினா. 1979இல் தென் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்னும் ஊரில் வகுக்கப்பெற்ற பர்ரா சாசனம், ஓரிடத்தின் சிறப்பை அழகு, வரலாறு, அறிவியல், சமுதாயம் முதலியவற்றால் அளக்கச் சொல்லுகின்றது. பழமையும் பெருமையும் மட்டும் அளவுகோல் அல்ல. அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் ஜாலி என்னும் சிற்பி வகுக்க, சிட்னியின் கிரிமோர்ன் பகுதியில் 1919இல் எழுந்த 'பெல்வடீர்' என்னும் மனை மாநில மரபுப் பதிவேட்டில் இடம்பெற்றதில் வியப்பில்லை. ஆயின் பெயரில்லாச் சிற்பியர் கட்டிய பல்லாயிரம் வீடுகளை என் செய்வது? "இத்தனை உள, ஒன்று இடிந்தால் என்னை?" என்பார் பலர். இவ்வாறு சொல்லிச் சொல்லியே ஒரு தெரு முழுதும் அழியக்கூடும் என்பதை அவர் எண்ணினாரிலர். இவ்வீடுகளின் அழகு வரிசையில் உள்ளது. ஒத்த உயரமும் தெருவினின்றும் ஒத்த இடைவெளியும் உடைய கூரைகளினிடையே பெட்டிபோன்றதொரு மாடிவீடு எழுமாயின், வெண்பாவின் நடுவே தளை தட்டியது போலாம்.

ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பார் இடைச்செருகல் இன்னது, மூலம் இன்னது எனப் பிரித்தறிவர். பழைய வீட்டைப் பேணுவார்க்கும் அவ்வறிவு வேண்டும். தாழ்வாரத்தை அடைத்து அறையாக்கியது இடைச்செருகல். அதனை நீக்கின் மூலம் வெளிப்படும். செங்கல்மேல் பூசிய வண்ணமோ எளிதில் நீங்காது. நீக்க முயலுங்கால் கல்லும் சிதைதல் உண்டு. கழற்றி விற்ற கண்ணாடிச் சாளரம் மீளுவது அரிது. ஆயினும் பிற்காலத்துச் சேர்க்கை எல்லாம் குற்றமென யான் கொள்ளேன். குடும்பம் பெருகியவன் அறை வேண்டுகின்றான். அவன் வேண்டுவது நியாயமே. முகட்டிற்குப் பின்னே, தெருவிற்குத் தோன்றாவண்ணம் அவ்வறையைக் கட்டலாம். முன்பக்கத்துக் கூரையைப் பிளந்து மாடி எழுப்புதலே தகாது. அதனாலாகும் கூடுதற் செலவை உரிமையாளர் ஒருவரே தாங்கவேண்டும் என்பதுதான் என் உள்ளத்தை உறுத்துகின்றது. தெருவின் அழகை நுகர்வார் பலர், கொடுப்பார் ஒருவர்.

பாசடீனாவில் இவ்வழக்கிற்குக் குடியிருப்போரே ஒரு தீர்வு கண்டனர். சிறுவீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுவதை அஞ்சி, அவர் தம் நகரமன்றத்தை நாடினர். சுமார் 800 வீடுகள் கொண்ட அப்பகுதி, 'பங்களா ஹெவன்' என்னும் பெயரோடு, 1989இல் அந்நகரத்தின் முதல் மரபுக் காப்புப் பகுதியாயிற்று. அரசர் எவரும் அங்கு வாழ்ந்ததில்லை. ஆசிரியரும் கடைக்காரரும் தச்சரும் போன்றார் குடியிருத்தற்கே அத்தகைய வீடுகள் எழுந்தன.