மின்னுவது எங்கே, நிற்பது எங்கே

அன்புள்ள மலர்,

பேச்சுக் குழறி, ஒரு பக்கம் கைகால் தளர்ந்து வருபவருக்கு வந்திருப்பது பக்கவாதமா, வைரஸ் மூளையழற்சியா என்று படத்தை வைத்தே சொல்லிவிடலாமா எனக் கேட்டிருந்தாய். பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் சிடி ஸ்கேன் போதாது. ரத்தக்கசிவு இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஹெர்ப்பஸ் வைரஸால் வரும் மூளையழற்சியிலோ முதல் சில நாட்கள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்.

எம்ஆர்ஐயின் டிஃப்யூஷன் படத்தில் வெள்ளையாக மின்னினாலே பக்கவாதம் என்று முடிவு கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. ரத்தம் கிடைக்காமல் செல்கள் வீங்கினாலும் மின்னும், வைரஸ் தாக்கி வீங்கினாலும் மின்னும். வெண்மை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பார்.

மதகு அடைபட்டால் அந்த வாய்க்காலின் ஆயக்கட்டு மட்டும் காய்கிறதல்லவா, பக்கவாதமும் அப்படி ஒரு தமனியின் எல்லைக்குள் அடங்கும். ஹெர்ப்பஸ் அந்த எல்லையை மதிக்காது. பொட்டு மடலின் உட்புறம், இன்சுலா, நெற்றி மடலின் அடிப்பகுதி என்று பரவும். எதிர்ப்பக்கத்திலும் கூடக்குறையத் தென்படும். அப்படிப் பரவியும், இன்சுலாவை ஒட்டியுள்ள லென்டிஃபார்ம் உட்கருவைத் தொடாமல் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். நடுப் பெருமூளைத் தமனி அடியிலேயே அடைபட்டால் அந்த உட்கருவும் பெரும்பாலும் சேர்ந்தே கெடும். நான் முதலில் தேடுவது இந்தக் கோட்டைத்தான். அடைப்பு மேற்கிளையில் இருந்தால் பக்கவாதத்திலும் உட்கரு தப்பிவிடும் என்பதால், ரத்தக்குழாய்ப் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

எல்லா வைரஸுக்கும் இதே தடம் கிடையாது. 1955இல் நம் வேலூர்ப் பகுதியில்தான் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட ஜப்பானிய மூளையழற்சி, இரண்டு தலாமஸ்களையும் பிடிக்கும். மூளையின் ஆழத்துச் சிரைகளில் ரத்தம் உறைந்தாலும் அதே தோற்றம் வரும். அங்கே சிரைப் படம் இல்லாமல் முடிவு சொல்லாதே.

காய்ச்சல், வலிப்பு, சில நாட்களாகவே மாறிவரும் நடத்தை இவற்றை வீட்டாரிடம் கேட்டு ஸ்கேன் விண்ணப்பத்தில் எழுது. அந்த இரண்டு வரி இல்லாமல் எங்களால் படத்தைச் சரியாக வாசிக்க முடியாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு என்பதால், இந்த விசாரிப்பை முதலிலேயே முடித்துவிடு.

ஹெர்ப்பஸ் என்ற சந்தேகம் வலுத்தால் படத்துக்காகக் காத்திராமல் அசைக்ளோவிர் தொடங்கச் சொல்வார்கள். சிகிச்சையில்லாவிட்டால் 100 பேரில் சுமார் 70 பேர் இறந்துபோவார்கள். முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த தண்டுவட நீரில் பிசிஆர் நெகட்டிவ் என்று வந்தாலும், சந்தேகம் தீராதவரை மருந்தை நிறுத்தாமல் நீரை மறுபடி எடுத்துச் சோதிப்பார்கள்.

அன்புடன்,
அத்தை