பூ மொத்த வியாபாரிகள் சங்கமும் பயிரிடுவோர் நன்மையும்

நெல் விளைவித்த குடியானவர் விலை திருப்தியாயில்லாவிடில் அதைக் குதிரில் கொட்டி வைத்துச் சில மாதங்கள் காத்திருக்கலாம். பருத்தியையும் நிலக்கடலையையும் அவ்வாறே வைத்திருக்க இயலும். மல்லிகை பயிரிடுவோருக்கோ அந்த வசதி இல்லை. விடியுமுன் பறிக்கப்பட்ட அரும்பு அன்று மாலையில் மலர்ந்து, மறுநாள் வாடிவிடுகிறது. ஆகையால் பூவின் விலையை நிர்ணயிப்பது நிலமும் எருவும் மட்டுமல்ல. சந்தையின் ஒழுங்கே அதில் பெரும்பங்கு கொள்கிறது. அவ்வொழுங்கு மொத்த வியாபாரிகள் தனித்தனியே இயங்குகின்றனரா, சங்கமாய்க் கூடி இயங்குகின்றனரா என்பதைப் பொறுத்தது.

வியாபாரத்தின் தன்மை

மதுரை, திண்டுக்கல், தோவாளை முதலிய இடங்களின் பூச்சந்தைகளில் நடைமுறை பெரும்பாலும் ஒன்றே. பயிரிடுவோர் பூவைக் கமிஷன் கடைக்கு அனுப்புகின்றனர். கடைக்காரர் அதை நிறுத்துச் சில்லறை வியாபாரிகளுக்கும், பூக் கட்டுவோருக்கும், வெளியூர் வியாபாரிகளுக்கும் விற்று, தமது கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். பயிரிடுவோர் பலர் கடைக்காரரிடம் முன்பணம் பெற்றிருப்பர். கடைக்காரரும் வெளியூர் வியாபாரிகளுக்குக் கடனாகவே பூவை அனுப்புவார். எனவே, தோட்டத்தினின்று தொலைதூரப் பட்டணம் வரையில் இவ்வியாபாரம் முழுவதும் கடன் என்னும் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டுள்ளது. அக்கயிறு எங்கே அறுந்தாலும் நஷ்டம் இறுதியில் தோட்டத்திற்கே வந்து சேரும்.

விலையும் நிலையற்றது. முகூர்த்த நாள்களில் ஏறும். திருமணங்கள் நடவாத ஆடி, மார்கழி மாதங்களில் தேவை குறையும். ஆயினும் பனிக்காலத்தில் அரும்பு மிகவும் குறைவாதலால், மார்கழி, தை மாதங்களில் விலை பன்மடங்கு உயர்வதும் உண்டு. கார்த்திகையில் கவாத்து செய்த செடிகள் கோடையில் ஏராளமாய்ப் பூக்கும்போது அதே பூ மலிந்துவிடுகிறது. 2013ஆம் ஆண்டில் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு பூவின் பெயருக்குப் பாதுகாப்பளிக்கும். விலைக்கும் பணத்திற்கும் அதுவே பாதுகாப்பாகாது.

தனித்து நிற்பவரின் நஷ்டம்

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மொத்த வியாபாரி நாளொன்றுக்கு 500 கிலோ பூவை, கிலோ 200 ரூபாய் வீதம் விற்பதாகவும், கமிஷன் நூற்றுக்கு 10 எனவும் கொள்வோம். அவரது ஒருநாள் விற்பனை 1,00,000 ரூபாய்; கமிஷன் 10,000 ரூபாய். வெளியூர் வியாபாரி ஒருவர் நாள்தோறும் 100 கிலோ வீதம் பத்து நாள்கள் கடனாக வாங்கிப் பின்னர்ப் பணம் கொடாமல் நின்றுவிட்டால் நஷ்டம் 2,00,000 ரூபாய். இதை ஈடுசெய்ய, அம்மொத்த வியாபாரி இருபது நாள்கள் ஈட்டும் கமிஷன் முழுவதையும், கூலிக்கும் வாடகைக்கும் ஒரு காசும் எடாமல், ஒதுக்கி வைத்தல் வேண்டும். அது இயலாதாகையால், பயிரிடுவோருக்குச் சேர வேண்டிய பணம் வாரக்கணக்கில் தாமதமாகும். சில சமயம் வராமலே போகும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. கடன் தவறிய அதே வெளியூர் வியாபாரி, மறுநாள் அடுத்த கடைக்குச் சென்று புதிதாய்க் கடன் பெறுகிறார். முதற் கடைக்காரர் தமக்கு நேர்ந்த நஷ்டத்தை வெளியே சொன்னால் தம் மதிப்புக் குறையுமென்று அஞ்சி மௌனமாயிருக்கிறார். அந்த மௌனமே அடுத்தவரையும் குழியில் தள்ளுகிறது.

ஆல்ஸ்மீர் காட்டும் வழி

நெதர்லாந்து தேசத்தில் ஆல்ஸ்மீர் என்னும் ஊர் பூ வியாபாரத்திற்கு உலகப் பிரசித்தி பெற்றது. அங்குப் பூப் பயிரிடுவோர் இடைத்தரகரை மட்டும் நம்பியிருந்த நிலையை மாற்ற விரும்பி, 1911, 1912ஆம் ஆண்டுகளில் கூட்டுறவு முறையில் இரண்டு ஏலச் சங்கங்களை ஏற்படுத்தினர். அவை 1968இல் ஒன்றாயின. 2008இல் வேறொரு பெரிய ஏலச் சங்கத்துடன் இணைந்தன. அவ்வேலத்தில் விலை உயரத்திலிருந்து கீழே இறங்கி வரும். முதலில் நிறுத்துபவருக்கே சரக்கு உரியது. பூவின் தரம் முன்னரே பரிசோதித்து அறிவிக்கப்படும். வாங்குவோர் பணத்தைச் சங்கத்திற்கே செலுத்துதல் வேண்டுமாதலால், பயிரிடுபவர் ஒவ்வொரு வியாபாரியின் பின்னும் அலைய வேண்டுவதில்லை.

இதில் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது யாதெனில், பயிரிடுவோர் ஒன்றுகூடியதனால் மொத்த வியாபாரிகள் அழிந்துபோகவில்லை. அவர்களும் தமக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, கட்டணம், தரவிதி முதலிய விஷயங்களில் ஏலச் சங்கத்தோடு பேசித் தீர்மானிக்கின்றனர். இரு தரப்பும் சங்கமாயிருப்பதே அங்கு வியாபாரம் நிலைபெற்றமைக்குக் காரணங்களுள் ஒன்று.

சங்கத்தில் சேர்வதன் அனுகூலங்கள்

1. கடன் பற்றிய அறிவு. தவணை தவறிய வியாபாரியின் பெயர் சங்க அங்கத்தினர் அனைவருக்கும் உடனே தெரிவிக்கப்பட்டால், ஒருவருக்கு நேர்ந்த நஷ்டம் பத்துப் பேருக்குப் பரவாது. மேற்கூறிய உதாரணத்தில், மூன்றாம் நாளே எச்சரிக்கை கிடைத்திருப்பின் 2,00,000 ரூபாய் நஷ்டம் 60,000 ரூபாயோடு நின்றிருக்கும்.

2. வழக்குத் தீர்வு. எடை, தரம், பாக்கி முதலியவற்றில் எழும் தகராறுகளை நீதிமன்றம் செல்லாமல், சங்கத்தின் பஞ்சாயத்தாரே அன்றன்று தீர்த்து வைக்கலாம். வாடும் பொருளுக்கு விரைவான தீர்ப்பே தீர்ப்பாகும்.

3. பொது வசதிகள். குளிர்பதன அறை, பனிக்கட்டி, வெளியூர் செல்லும் லாரி ஆகியவற்றைத் தனியொருவர் ஏற்படுத்துவது அரிது. இருபது பேர் சேர்ந்தால் எளிது. அரும்பு மலிந்த நாள்களில் வாசனைச் சத்து எடுக்கும் ஆலைகளோடு மொத்தமாய் ஒப்பந்தம் பேசவும் சங்கத்திற்கே இயலும்.

4. குறைகளைத் தெரிவித்தல். கடை வாடகை, குடிநீர், விளக்கு, கழிவு அகற்றல் முதலியவற்றைக் குறித்து நகராட்சிக்குத் தனியொருவர் எழுதும் விண்ணப்பத்தினும் சங்கத்தின் விண்ணப்பத்திற்கு மதிப்பு அதிகம்.

எச்சரிக்கை

சங்கம் என்ற பெயர் இருப்பதாலேயே எல்லாம் நன்மையாகிவிடாது. வியாபாரிகள் கூடி, இன்ன விலைக்கு மேல் கொடுப்பதில்லை என்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டால், அச்சங்கம் பயிரிடுவோருக்குப் பகையாகும். இத்தகைய விலைக் கட்டுப்பாட்டை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே நல்ல சங்கத்தை அறிந்துகொள்ளக் குடியானவர்கள் பின்வரும் கேள்விகளைக் கேட்டல் வேண்டும்:

சங்கம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா? அன்றைய விலை யாவரும் பார்க்கும்படி பலகையில் எழுதப்படுகிறதா? தராசும் எடைக்கற்களும் அரசாங்க முத்திரை பெற்றனவா? கமிஷன், கூலி, கழிவு ஆகியவை தனித்தனியே காட்டப்பட்ட சீட்டுக் கொடுக்கப்படுகிறதா? பயிரிடுபவர் முறையிட்டால் கேட்பதற்குப் பஞ்சாயத்தார் உளரா? புதிய வியாபாரிகள் சேர இடமுண்டா? இவற்றிற்கு ஆம் என்ற விடை கிடைக்கும் சங்கத்தின் அங்கத்தினரிடமே பூவை அனுப்புதல் நலம்.

பயிரிடுவோரும் உத்தியோகஸ்தர்களும் செய்யத்தக்கவை

வியாபாரிகள் சங்கம் ஒரு கை எனில், பயிரிடுவோர் சங்கம் மற்றொரு கை. இரண்டும் சேர்ந்தாலன்றி ஓசை எழாது. ஒரு கிராமத்தில் பூ பயிரிடும் பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி, பூவை முதல்தரம், இரண்டாந்தரம் எனப் பிரித்து ஒரே வண்டியில் அனுப்பினால் செலவு குறையும், கடைக்காரரும் மதிப்பார். ஒவ்வொருவரும் நாள், எடை, விலை, பாக்கி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் தவறாமல் குறித்துவருதல் அவசியம். முன்பணத்தைச் சிறிது சிறிதாய்த் தீர்த்துவிட்டவருக்கே கடையை மாற்றும் சுதந்தரம் உண்டு.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்கள் பூப்பயிரின் பரப்பை அடங்கலில் சரிவரப் பதிவு செய்தல் பேருதவியாகும். எவ்வளவு நிலத்தில் பூ விளைகிறது என்பது தெரிந்தால்தான் குளிர்பதன அறைக்கோ சந்தைக் கட்டடத்திற்கோ கோரும்போது காட்ட ஆதாரம் இருக்கும்.

பூவின் ஆயுள் ஒருநாள். அதை விளைவிப்போரின் பிழைப்பும் விற்போரின் பிழைப்பும் அவ்வாறு ஒருநாட் பிழைப்பாய் இருத்தல் கூடாது. வரும் பங்குனியில் அரும்பு மிகுதியாய் வருமுன்னரே, தம் பூ எந்தக் கடைக்குச் செல்கிறது, அக்கடைக்காரர் எச்சங்கத்தைச் சேர்ந்தவர், அச்சங்கத்தின் விதிகள் யாவை என்பவற்றை ஒவ்வொரு குடியானவரும் விசாரித்துத் தெரிந்துகொள்வாராக.