தீவுச் சரக்கை ஏலம் கேட்கும் முன் கப்பல் கூலியைக் கணக்குப் போடுங்கள்

அந்தமானில் அரசு அலுவலகங்களும் பாதுகாப்புப் படைப் பிரிவுகளும் கழித்துக்கட்டும் பழைய இரும்பு, ஜெனரேட்டர், எஞ்சின் போன்றவற்றை வாங்க இன்று இணையவழி ஏலம் முக்கியமான வழி. இதில் பெரிய தளம் எம்எஸ்டிசி. பழைய இரும்பு ஏற்றுமதியை ஒழுங்குபடுத்த 1964-இல் தொடங்கப்பட்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மத்திய அரசு நிறுவனம் அது.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தீவுகளுக்கு சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுகளில், இப்போது ரங்கத்திலோ கார் நிகோபாரிலோ இருந்தபடியே ஏலம் கேட்கலாம். அதே கேபிள் வழியாகச் சென்னை வியாபாரியும் போர்ட் பிளேர் சரக்கைக் கேட்க வருகிறார். போட்டி கூடிவிட்டது. இந்தப் போட்டியில் நஷ்டமில்லாமல் ஜெயிக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான்: உங்கள் உச்ச விலையை ஏலத்துக்கு முதல் நாளே எழுதி வையுங்கள். சரக்கை விற்கும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அந்த விலையை எடுங்கள்.

உச்ச விலையைக் கண்டுபிடிப்பது

ஒரு உதாரணம். பத்து டன் பழைய இரும்பு ஒரு லாட். சென்னையில் டன் 30,000 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 3,00,000. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, ஜெட்டி வரை லாரி, கப்பல் கட்டணம், சென்னையில் இறக்கி மண்டி வரை கொண்டுபோவது எல்லாம் சேர்த்து 90,000. துரு, மண், ரப்பர் என்று எடையில் அடிபடுவதற்கு 5 சதவீதம், அதாவது 15,000. கப்பலில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் நாட்களுக்கு வட்டியும் செலவுமாக 10,000. உங்கள் லாபம் 30,000. இவற்றைக் கழித்தால் நிற்பது 1,55,000.

இதோடு முடியவில்லை. ஏலத்தில் கேட்கும் விலைக்கு மேல் வரி தனி. இரும்புக் கழிவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பதிவு பெற்ற வியாபாரி அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்; அவர் 1,55,000 வரை போகலாம். பதிவு இல்லாதவருக்கு வரியும் கைச்செலவுதான். அவர் சுமார் 1,31,000-இல் நிறுத்தியாக வேண்டும். கூலியும் கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். தீவிலேயே விற்கப் போகிறவருக்குக் கப்பல் கூலி மிச்சம். சென்னைக்காரரை முந்த அவருக்கு இருக்கும் பெரிய பலம் அதுவே.

நேரில் பார்க்காமல் கேட்காதீர்கள்

பொருள் இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்தான் விற்கப்படும். பிறகு புகார் எடுபடாது. ஏல அட்டவணையில் பார்வையிடும் நாட்கள் குறித்திருப்பார்கள். போகும்போது காந்தம், டார்ச், அளவு நாடா கொண்டு போங்கள். ஜெனரேட்டர் என்று எழுதியிருந்தால் மூடியைத் திறந்து உள்ளே ஆர்மேச்சரும் செம்புச் சுற்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். செம்பு இல்லாத ஜெனரேட்டருக்கு இரும்பு விலைதான். லாரி உள்ளே வர வழி உண்டா, கிரேன் தேவையா, எடை போடும் இடம் எவ்வளவு தூரம் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. திறந்த வெளியில் கிடக்கும் சரக்கு மாதத்துக்கு மாதம் தேயும்.

யார் வாங்கலாம் என்று படியுங்கள்

15 ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஜீப்பை வாங்கி ஓட்டலாம் என்று முன்பணம் கட்டாதீர்கள். மரம் என்றால் இன்னும் கவனம். தீவுகளின் காட்டு மரம் மெயின்லேண்டுக்குப் போவதை உச்ச நீதிமன்றம் 2002 மே மாத உத்தரவில் கட்டுப்படுத்தியது. படாக் மரத்தை ஏலம் எடுக்கும் முன், எங்கே கொண்டுபோகலாம் என்பதை வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசி நொடித் தந்திரம் செல்லாது

முடிகிற நொடியில் விலையைப் போட்டு அடித்துவிடலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். நேரம் முடிந்ததும் கதவு சாத்தும் ஈபே போன்ற தளங்களில் அது பலித்தது. கடைசி நேரத்தில் புது விலை வந்தால் ஏலம் நீளும் அமேசானின் பழைய ஏலத் தளத்தில் அப்படிக் காத்திருந்தவர்கள் குறைவு என்று ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் காட்டினார்கள். நம் அரசு ஏலங்களில் நேர நீட்டிப்பு வழக்கமானது. எத்தனை நிமிடம் நீளும் என்று அட்டவணையில் பாருங்கள். காத்திருப்பதில் உங்களுக்கு ஆதாயம் இல்லை. இணைப்பு அறுந்தால் லாட் போய்விடும். வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு இணைப்புகள், நிறையச் சார்ஜ் உள்ள மடிக்கணினி, ஓடிபி வரும் போன் ஆகியவற்றோடு அரை மணி முன்னதாகவே உட்காருங்கள். அன்று கப்பலில் பயணம் வேண்டாம்.

ஜெயித்தவரின் ஆபத்து

மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்று அமெரிக்கப் பொறியாளர்கள் மூவர் 1971-இல் ஆராய்ந்து எழுதினார்கள். பலர் ஒரே பொருளை மதிப்பிடும்போது, எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டுத் தவறியவர் கையில்தான் அது சேர்கிறது. போட்டியாளர் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். ஆகவே புதியவர்கள் நிறைய வந்திருக்கும் ஏலத்தில், எழுதி வைத்த விலையிலிருந்து ஒரு படி கீழேயே நின்றுவிடுங்கள். எதிராளி ஆயிரம் ஏற்றினார் என்பது உங்கள் சரக்கின் மதிப்பை ஒரு ரூபாய்கூடக் கூட்டாது.

போட்டியைக் குறைக்க மற்றவர்களோடு பேசி வைத்துக் கேட்பதும் வேண்டாம். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

விலை முடிந்த பிறகு

அதிக விலை கேட்டவர் என்று திரையில் வந்தாலும், பல லாட்கள் துறையின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். விற்பனை ஆணை கைக்கு வரும்வரை கப்பலில் இடம் பிடிக்காதீர்கள். வந்தபின் தாமதிக்காதீர்கள்: பணம் கட்டத் தவறினால் முன்வைப்புத் தொகை போய்விடும், தவணைக்குள் சரக்கை எடுக்காவிட்டால் தரை வாடகை ஏறும். பணத்தைத் தளம் காட்டும் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். தனிநபர் கணக்கு எண்ணை வாட்ஸப்பில் அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

முதல் முறை கேட்கிறவர்கள் சின்ன லாட்டாக எடுத்து, ஜெட்டி முதல் மண்டி வரை ஒருமுறை கொண்டுபோய்ப் பாருங்கள். உண்மையில் ஆன செலவை எழுதி வைத்தால், அடுத்த ஏலத்தின் உச்ச விலையை ஊகத்தில் போட வேண்டியிருக்காது.