திரை முன் அமரும் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. அரியலூரில் இ-சேவை மையத்து வேலையை ஏற்றது முதல், பிற்பகல் ஆனால் கண்கள் உறுத்துவதாகவும், நெற்றிப் பொட்டுகளில் வலி எழுவதாகவும், மாலையில் பெரம்பலூருக்குத் திரும்பப் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது எதிரே வரும் வண்டியின் பெயர்ப் பலகை சிறிது நேரம் மங்கித் தெரிந்து பின்னர்த் தானே தெளிவதாகவும் எழுதியிருக்கிறாய். பார்வை போய்விடுமோ என்ற பயமும் உன் வரிகளில் தென்படுகிறது. அந்தப் பயம் வேண்டாம். கணினித் திரையைப் பார்ப்பதனால் மட்டும் எவருக்கும் பார்வை அழிந்துபோவதில்லை. நீ சொல்பவை பெரும்பாலும் களைப்பின் அடையாளங்கள். ஆயினும் களைப்பை அலட்சியம் செய்கிறவன் சுகத்தையும் இழந்து வேலையையும் கெடுத்துக்கொள்வான் ஆகையால், அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கண்ணின் பாவைக்குப் பின்னால் ஒரு வில்லை இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சிறு தசை வளையமாக அமைந்திருக்கிறது. தூரத்துப் பொருளை நோக்கும்போது அத்தசை தளர்ந்திருக்கும். அருகிலுள்ளதை நோக்கும்போது அது சுருங்க, வில்லை தடித்து, பார்வை தெளிவு பெறும். நீர் நிறைந்த சிறு செம்பொன்றைக் கையை நீட்டிப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றால், செம்பின் கனம் அற்பமாயினும் தோள் கடுத்துப்போவது போல, திரையின் எழுத்தில் நிலைத்த கண்ணின் தசையும், பளு சிறிதாயினும் இடைவிடாமையால் சலித்துவிடுகிறது. நெடுநேரம் சுருங்கியிருந்த தசை நீ தலை நிமிர்ந்த மாத்திரத்தில் தளர்ந்துவிடுவதில்லை; பேருந்தின் பலகை சற்று நேரம் மங்குவதற்குக் காரணம் இதுவே.

மற்றொரு காரணம் இமையைப் பற்றியது. சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையில் கருத்தூன்றியிருக்கும்போது அது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. இமைப்பதும் பல சமயங்களில் அரைகுறையாகவே நிகழ்கிறது. கண்ணின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலமும், அந்நீர் ஆவியாகிவிடாதபடி காக்கும் எண்ணெய்ப் படலமும் உண்டு; இமையோரத்துச் சுரப்பிகளிலிருந்து வரும் அந்த எண்ணெயை ஒவ்வோர் இமைப்பும் புதிதாகப் பரப்புகிறது. இமைப்பு குறைந்தால் படலம் பிளந்து கண் உலர்கிறது. எரிச்சலும், மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் அதனால் வருகின்றன. மிகவும் உலர்ந்த கண்ணில் திடீரென்று நீர் வடிவதும் இதே காரணத்தால்தான்.

இந்தத் துன்பம் கணினியோடு பிறந்ததன்று. இத்தாலிய வைத்தியர் பெர்னார்தினோ ராமத்ஸினி, தொழிலாளிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நுண்ணிய வேலை செய்கிறவர்களின் கண்களுக்கு நேரும் கேட்டை விவரித்து, அவர்கள் அவ்வப்போது கைவேலையை வைத்துவிட்டு வேறு பொருள்களின்மீது பார்வையைச் செலுத்த வேண்டும் என்று புத்தி சொல்லியிருக்கிறார். நமது பெரம்பலூர் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பச்சைமலைப் பக்கத்து அரும்பாவூரில் செதுக்கப்படும் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நீ அறிவாய். ஒரு தெய்வ உருவத்தின் விரல் நகத்தையும் ஆபரணத்தின் மணியையும் உளி முனையால் எடுக்கிற வேலை உன் வேலையைவிட நுட்பத்தில் குறைந்ததன்று. ஆயினும் செதுக்குகிறவர் உளியைத் தீட்டுவதற்கு நிறுத்துகிறார். மரத்தைத் திருப்பி வைக்கிறார். செதில்களைத் தட்டிவிட்டு, எட்டி நின்று முழு உருவத்தின் அமைதியைப் பார்க்கிறார். அந்தத் தொழிலின் கிரமத்திலேயே கண்ணுக்கு ஓய்வு கலந்திருக்கிறது. உன் கணினியையோ தீட்டவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். ஒரு விண்ணப்பம் முடிந்த கணத்தில் அது அடுத்ததைக் காட்டுகிறது. ஆகையால், கைத்தொழில் தானாகவே அளித்துவந்த ஓய்வை, நீ அறிவோடு உன் வேலையினுள் புகுத்திக்கொள்ள வேண்டும். நான் சொல்லவந்த விஷயத்தின் சாரம் இதுதான்.

அதற்குக் கண் வைத்தியர்கள் எளிய விதி ஒன்றைக் கூறுகிறார்கள்: 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை, 20 விநாடி நேரம் பார்ப்பது. 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் தூரத்தில் வில்லைத் தசைக்கு அநேகமாக வேலையில்லை. கண் பரிசோதனைப் பலகையை அந்தத் தூரத்தில் வைப்பதும் அதனாலேயே. உன் மையத்தின் வாசல் வழியே எதிர்ச் சாரியிலுள்ள கடைப் பலகையையோ மரத்தையோ பார்த்தால் போதும். அப்படிப் பார்க்கையில் இமைகளை மெதுவாக, மேலிமை கீழிமையை முற்றும் தொடும்படி, சில முறை மூடித் திற. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து வெளியே போய்ச் சற்று உலாவிவிட்டு வா. விடுமுறை நாளில் பெரம்பலூரில் இருக்கும்போது, மேற்கே பச்சைமலைத் தொடர் தெரியும் வெட்டவெளியில் நட. கண்ணுக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, மூடிய கண்களின்மேல் அழுத்தாமல் குவித்து வைத்துக்கொள்வதும் இதமளிக்கும். அமெரிக்க டாக்டர் பேட்ஸ் 1920-இல் வெளியிட்ட நூலினால் பரவிய இப்பயிற்சி, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கண் பள்ளியின் மூலம் நம்மவர் பலருக்கும் பழக்கமானது. இதனால் களைப்பு நீங்கும். கண்ணாடியே வேண்டாமற் போகும் என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை. சூரியனை நேரே நோக்கும் பயிற்சியை யார் சொன்னாலும் செய்யாதே, விழித்திரை வெந்துபோகும்.

இனி, இருக்கையின் அமைப்பு. திரை உன் கண்ணிலிருந்து ஒரு கை நீளத்துக்கு, சுமார் 60 சென்டிமீட்டருக்கு, அப்பால் இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருந்தால், பார்வை இயல்பாகக் கீழ்நோக்கும். இமை பாதி கவிந்து கண் உலர்வதும் குறையும். ஜன்னல் உனக்கு நேர் எதிரிலோ முதுகுப்புறத்திலோ இல்லாமல் பக்கவாட்டில் அமையட்டும். மின்விசிறியின் காற்று முகத்தில் அடிக்க வேண்டாம். விண்ணப்பத் தாளையும் குடும்ப அட்டையையும் மேஜைமேல் படுக்க வைத்துக்கொண்டு, குனிந்து ஒரு வரி, நிமிர்ந்து ஒரு வரி என்று தட்டச்சு செய்கிறாய் அல்லவா? கண்ணும் கழுத்தும் ஒருங்கே சோர்வதற்கு அது போதும். ஒரு சிறு தாங்கியை வாங்கித் தாளைத் திரையின் பக்கத்திலேயே அதே உயரத்தில் நிறுத்து. எழுத்துச் சிறிதாயிருந்தால் முகத்தை நீட்டாதே, எழுத்தைப் பெரிதாக்கு. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் தூசி விழுந்தால் கண்ணைக் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவு.

இரவில் படுத்தபடி கைபேசியில் தேர்வுக்குப் படிப்பதாகவும் எழுதியிருந்தாய். 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்கும் கைபேசி, 60 சென்டிமீட்டரிலுள்ள கணினியைப் போல இரு மடங்கு உழைப்பைக் கண்ணிடம் வாங்குகிறது. முடிந்தவரை அச்சுப் புத்தகத்தை நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து படி. தூங்குமுன் ஒரு மணி நேரமாவது கைபேசியை விலக்கி வை.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் குணம் தெரியாவிட்டால், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ கண்ணைப் பரிசோதித்துக்கொள். சிறிய பார்வைக் குறையைக் கண்ணாடியின்றிச் சுமப்பதே பலருடைய தலைவலிக்குக் காரணம். நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் கண்ணாடியால் களைப்பு குறைவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. அதற்குப் பணம் செலவிடாதே. மருந்துக் கடையில் நீயாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், நாளடைவில் கண்ணழுத்தமும் புரையும் உண்டாகலாம். பார்வை திடீரென்று குறைந்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போய்விடு.

வரிசையில் ஜனங்கள் காத்திருக்கும்போது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் சோம்பேறி என்று நினைப்பார்களே என்று நீ கூசக்கூடும். ஜெயங்கொண்டத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்த மூதாட்டியின் பெயரில் ஓர் எழுத்தோ, பட்டாவின் புல எண்ணில் ஓர் இலக்கமோ உன் களைத்த கண்ணுக்குத் தப்பினால், அவர் ஒரு நாள் கூலியை இழந்து மறுபடியும் வர நேரும். அவருக்காக நீ எடுத்துக்கொள்ளும் 20 விநாடியை ஒரு நாளும் வீண் என்று எண்ணாதே. அதுவும் உன் கடமையில் சேர்ந்ததே. நாளைக்கே தொடங்கிவிட்டு, எப்படியிருக்கிறது என்று எழுது.

உன் அன்பு அண்ணன்