கல்லூரிக்கு முன் ஓராண்டு ஊழியம்

ஆரோவிலில் தொண்டு செய்யும் ஜெர்மன் இளைஞர்களை மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 2008-இல் தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' என்ற ஜெர்மன் அரசுத் திட்டத்தில் வருகிறவர்களும் அவர்களில் உண்டு. நம் பிள்ளைகளும் ஜெர்மனிக்குப் போகலாம். சி.எஸ்.ஐ. திருச்சபை உறுப்பாக உள்ள ஸ்டுட்கார்ட் 'இ.எம்.எஸ்.' அமைப்பு, இங்கிருந்தும் தன்னார்வலர்களை ஜெர்மனிக்கு அழைப்பதுண்டு. ஆயரிடம் சொல்லிப் பேராய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

18 வயது நிரம்பட்டும். ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்குங்கள். அங்கே முதியோர் இல்லத்தில் பணி கிடைத்தால், பாட்டியிடம் பேச ஆங்கிலம் போதாது. யார் சொன்னாலும் சுற்றுலா விசாவில் ஊழியத்துக்குப் போகாதீர்கள்.

கிடைத்த கல்லூரிச் சீட்டு ஓராண்டு காத்திருக்கும் என்று நம்பவேண்டாம். திரும்பியதும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும். அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இடைவெளி ஆண்டுக்குக் காரணம் கேட்பார்கள். பணிச் சான்றிதழை மறக்காமல் வாங்கி வாருங்கள்.