அவார்டு இல்லையென்றால் சம்பளம் முதலாளி இஷ்டமா?

“உன் வேலைக்கு அவார்டு கிடையாது. நான் கொடுப்பதுதான் சம்பளம்.” ஆஸ்திரேலியாவில் புதிதாக வேலையில் சேர்கிறவர்களிடம் சில முதலாளிகள் விடும் கதை இது. துறைவாரியாகக் குறைந்தபட்சச் சம்பளம், ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமைக்கான கூடுதல் தொகை எல்லாவற்றையும் வகுத்துவைக்கும் சட்ட ஆவணம்தான் அவார்டு. அதில் வராதவருக்கும் தேசிய குறைந்தபட்ச ஊதியம் உண்டு. ஃபேர் ஒர்க் கமிஷன் அதை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்கிறது. 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகை மணிக்கு 24.95 டாலர், 38 மணி நேர வாரத்துக்கு 948 டாலர். இதற்குக் குறைவாகப் பேசிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது. ‘சூப்பர்’ எனப்படும் ஓய்வூதியப் பங்களிப்பு 12 சதவீதம் இதில் அடங்காது, அது தனி.

பல நேரங்களில் ‘அவார்டு கிடையாது’ என்பதே பொய். கடை, உணவகம், துப்புரவு, அலுவலக குமாஸ்தா வேலை என எல்லாவற்றுக்கும் அவார்டு உண்டு. இவற்றில் சேராத பலரைப் பிடிக்க ‘மிசலேனியஸ் அவார்டு’ என்று ஒன்றும் இருக்கிறது. ‘மேனேஜர்’ என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டால் அவார்டு போய்விடாது. பார்க்கும் வேலைதான் கணக்கு. கடையில் முதல் நிலைப் பணியாளருக்கு அதே 2025 ஜூலைக் கணக்கில் மணிக்கு 26.55 டாலர். அவரை அவார்டு இல்லாதவர் என்று எழுதிவிட்டால் மணிக்கு 1.60 டாலர், வாரத்துக்கு 60.80 டாலர் முதலாளி பையில் நிற்கும். ஞாயிறு கூடுதலை இன்னும் சேர்க்கவில்லை.

உண்மையிலேயே அவார்டில் வராதவருக்கு இழப்பு அங்கேதான். ஓவர்டைமுக்கோ ஞாயிறுக்கோ அவருக்குக் கூடுதல் விகிதத்தைச் சட்டம் தருவதில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. கேஷுவலாக இருந்தால் 25 சதவீதம் சேர்த்து மணிக்கு 31.19 டாலர்.

“உனக்கு இன்னும் 21 ஆகவில்லை” என்பதில் மட்டும் பாதி உண்மை. 18 வயதுக்காரருக்கு முழுத் தொகையில் 68.3 சதவீதம், 20 வயதுக்காரருக்கு 97.7 சதவீதம். 18 வயதில் ஓட்டுப் போடலாம், வரி கட்டலாம், முழுச் சம்பளம் மட்டும் கேட்கக் கூடாது! எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் அதற்கும் கீழே போக யாருக்கும் உரிமையில்லை.

மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதைத் தாண்டியவருக்குச் சம்பளம் கேட்க வாயில்லை என்று மிரட்டுவார்கள். வேலை செய்தால் கூலி உண்டு. விசா நிலை அந்த உரிமையைப் பறிக்காது. தெரிந்தே குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் குற்றம்.

பாக்கியை ஆறு ஆண்டு வரை கேட்கலாம். வேலை செய்த நேரத்தை அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் 13 14 50-ல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தின் 13 13 94-க்கு இணைக்கச் சொல்லுங்கள்.